வேப்பிலை கட்டிய கதவு

அம்மை வந்த வீட்டில் கடுகு வெடிக்கக் கூடாது. தாளிப்பு வாசம் ஆத்தாளுக்கு ஆகாது. தலை சீவக் கூடாது, துணி வெளுக்கக் கூடாது, வெளியாள் படியேறக் கூடாது. இதெல்லாம் நல்லம்மாள் எழுதிய சட்டம் இல்லை. ஆனால் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் இந்தச் சட்டத்துக்குப் போலீசும் அவள்தான், கோர்ட்டும் அவள்தான். பத்து வயதில் தனக்கே அம்மை வார்த்து எழுந்தவள். முகத்துத் தழும்புகளை அவள் என்றைக்கும் முந்தானையால் மறைத்ததில்லை. "ஆத்தா போட்ட கையெழுத்து" என்பாள். ஒரு தடவை வந்தவளுக்கு மறுதடவை வராது என்பதால் லயத்தில் யார் உடம்பில் முத்து போட்டாலும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் பார்த்து "ஆத்தாதான்" என்றால் ஆத்தா. "வேர்க்குரு, போய் வேலையைப் பாரு" என்றால் வேர்க்குரு.

அந்த வாய்ச்சொல்லில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது. ஜப்பான்காரன் வந்து மூன்றாவது வருஷம் அது. புருஷன் கன்னையாவைச் சயாமுக்கு ரயில் பாதை போட லோரியில் ஏற்றிக்கொண்டு போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு சேதியும் இல்லை. பிள்ளை குட்டியும் இல்லை. லயத்து ஜனங்கள் அவளை "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுத் தரும் மரியாதை ஒன்றுதான் மிச்சம். அதை அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த மாசியிலும் பங்குனியிலும் கோலாலம்பூர் முழுக்க அம்மை. போதாக்குறைக்குப் பசி. அரிசி பங்கீட்டில்தான் கிடைக்கும், அதிலும் பாதி கல்லும் சுண்ணாம்பும். மருந்து கண்ணில் படாது. ஒரு வீட்டில் அம்மை என்று தெரிந்தால் சுகாதார லோரி வந்து நிற்கும். ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையில் கொண்டுபோய்ப் போடுவார்கள். மூன்றாம் வீட்டு இராமலிங்கம் சட்டத்துக்குப் பயந்த மனுஷன். தன் தாய் இராஜம்மாவுக்கு அம்மை என்று தானே போய்ச் சொன்னான். லோரி வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. அதற்குப் பிறகு லோரி எத்தனையோ தடவை வந்தது, இராஜம்மா வரவில்லை. எரித்தார்களா புதைத்தார்களா என்றுகூட அவனுக்குத் தெரியாது. அன்றிலிருந்து அவன் யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசுவதில்லை.

அதற்குப் பிறகுதான் நல்லம்மாள் ஒரு வழி சொன்னாள்.

"வேப்பந்தழையை முன் கதவுல கட்டாதீங்க. ரோட்டுல போறவன் பார்ப்பான். பின் கதவுல கட்டுங்க, அங்கே நம்ம ஆளுங்கதான் நடமாட்டம். தழை கட்டின வீட்டுக்குள்ள ஒருத்தரும் போகக் கூடாது. நானே தண்ணி ஊத்துற அன்னிக்குத்தான் போவேன். கூழோ கஞ்சியோ படியில வச்சிட்டுத் திரும்பிப் பார்க்காம வந்திருங்க. பார்த்தவன் இருந்தாத்தானே சொல்றவன் இருப்பான்?"

நல்ல யோசனைதான். அந்த யோசனையால் நாலு பேர் லோரிக்குத் தப்பிப் பிழைத்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஐந்தாவதாக ஒருவர் அதில் அகப்பட்டுக்கொண்டார்.

அவர் அடுத்த வீட்டு அய்யாவு மண்டோர். லயத்தில் அவரை யாருக்கும் பிடிக்காது. முப்பது வருஷம் ரயில் பாதை வேலைக்காரர்களை மேய்க்கும் மேஸ்திரியாக, அதாவது மண்டோராக இருந்து, ஆட்களை விரட்டிய குரலிலேயே வீட்டிலும் பேசிப் பழகியவர். லயத்து முனையில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். விடிந்ததும் சுத்தியலால் அதில் மூன்று தட்டு தட்டுவார். கொஞ்சம் நிறுத்தி மறுபடியும் மூன்று. அதுதான் ஆள் கூப்பிடும் தட்டு. அதைக் கேட்டும் வராதவன் பெயர் அன்றைக்கு வெட்டுப்படும். ஜப்பான்காரன் வந்ததும் வயதாகிவிட்டதென்று அவரை நிறுத்திவிட்டார்கள். சுத்தியல் போயிற்று, சாப்பாடும் பாதியாயிற்று, வாய் மட்டும் அப்படியே இருந்தது. மனைவி செத்து வெகுகாலம். மகன் பாலன் ரயில் பட்டறையில் வேலை செய்தான். அப்பனுக்கு முன்னால் ஒரு சொல், பெண்டாட்டிக்கு முன்னால் அரைச் சொல், அதற்கு மேல் பேசமாட்டான். வீடு மருமகள் தனலெட்சுமியின் கையில் இருந்தது. இரண்டு பெண் குழந்தைகள், பெரியவளுக்கு ஏழு வயது.

ஒருநாள் காலையில் தனலெட்சுமி நல்லம்மாளைத் தேடி வந்தாள்.

"அக்கா, மாமாவுக்கு உடம்பெல்லாம் சிவப்பு சிவப்பா போட்டிருக்கு. ஒரு எட்டு வந்து பாருங்களேன்."

நல்லம்மாள் போனாள். கிழவரை முன்னறையில் காணவில்லை. காலில் புண் வந்து நாற்றமடிக்கிறதென்று இரண்டு மாதத்துக்கு முன்பே சமையல்கட்டுக்குப் பின்னால் விறகு போடும் அறையில் கோணி விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். ஜன்னல் இல்லாத அறை. வாசலில் நின்று பார்த்தால் கை தெரிந்தது, கையில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன, வீங்கிய பாதம் தெரிந்தது. அதற்கு மேல் இருட்டு.

"யாரு, நல்லம்மாவா?" என்றது உள்ளேயிருந்து குரல். "அடியே, முத்துமில்ல மண்ணுமில்ல, இது சிரங்கு. வயித்துல ஒண்ணுமில்லாமத்தான் கெடக்கேன். இவகிட்ட எனக்குக் கஞ்சி ஊத்தச் சொல்லிட்டுப் போ."

"ஆத்தா வந்தவங்க இப்பிடித்தான் பேசுவாங்க," என்றாள் நல்லம்மாள் தனலெட்சுமியிடம். "ஆத்தாதான். சந்தேகமே வேண்டாம்."

இரண்டு எட்டு வைத்து உள்ளே போய்த் தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். முத்து என்றால் விரலுக்கு அடியில் பயறு மாதிரி உருளும். நூறு பேருக்குத் தொட்டுப் பார்த்தவள்தான். ஆனால் அன்றைக்கு நாற்றம் ஒரு காரணம். வாசலில் நின்றபடியே தீர்ப்புச் சொல்லிவிடுகிற கெட்டிக்காரி என்று நாலு பேர் பேச வேண்டும் என்கிற ஆசை இன்னொரு காரணம். கோயில் வேம்பில் தழை ஒடித்து வந்து, தன் கையாலேயே பின் கதவின் நிலையில் தோரணமாகக் கட்டினாள். மஞ்சள் துணி ஒன்றும் முடிந்துவிட்டாள். லயத்துப் பொதுக் குழாயான பைப்படியில் நின்ற பெண்களிடம் "மண்டோரு வீட்டுக்கு ஆத்தா வந்திருக்கா. வாயைத் தொறந்தீங்க, தொலைச்சிருவேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

லயம் கட்டுப்பட்டது. "ஆத்தா கூழ் கேக்குறா" என்று தனலெட்சுமி சொன்னதும் வீட்டுக்கு ஒருநாள் முறை வைத்துக்கொண்டார்கள். அவித்த மரவள்ளியைத் தவிர வேறு அறியாத வயிறுகள் அவை. ஆனாலும் ஒளித்து வைத்திருந்த ஒரு பிடி குருணையையோ சோளத்தையோ போட்டுக் கூழ் காய்ச்சிப் படியில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தார்கள். நல்லம்மாள் தன் ராச்சாப்பாட்டையே கொடுத்தாள். கிண்ணம் கழுவி வைத்ததுபோல் காலியாகத் திரும்பி வரும். "பசி எடுக்குதுன்னா உடம்பு தேறுதுன்னு அர்த்தம்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்.

இரண்டாம் நாளே தட்டும் சத்தம் தொடங்கிவிட்டது. நல்லம்மாளின் அடுப்படிக்கும் அந்த விறகறைக்கும் நடுவே ஒரே பலகைச் சுவர்தான். அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ உலோகத்தால் பலகையில் மூன்று தட்டு. கொஞ்சம் நின்று மறுபடியும் மூன்று. பட்டப்பகலில், பைப்படி வரைக்கும் கேட்டது.

"என்னக்கா இது, மண்டோரு தட்டுற மாதிரியே இருக்கே?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஆத்தா யாரு மேல வர்றாளோ அவங்க பழக்கத்தைத்தானே எடுப்பா? மண்டோரு மேல வந்தா ஆள் கூப்பிடாம என்ன செய்வா?" என்றாள் நல்லம்மாள்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நல்லம்மாளும்தான் சிரித்தாள். அப்புறம் தட்டு கேட்கும்போதெல்லாம் சுவரைப் பார்த்து "பொறு தாயே, பொறு" என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊதினாள்.

ஏழாம் நாள் முதல் தண்ணீர். மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை வெயிலில் காய வைத்து, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நல்லம்மாள் போனாள். தனலெட்சுமி தழைக்கு அடியில் வந்து நின்றாள்.

"இன்னும் முத்து உடையலக்கா. பெரிய முத்தா இருக்கு. ஒம்பதாம் நாளு பார்ப்போமே."

ஒன்பதாம் நாள் போனால், "ஆத்தா கனவுல வந்துட்டாக்கா. இன்னும் நாளாகும், அவசரப்படாதேன்னு சொல்லிட்டா" என்றாள். ஆத்தா கனவில் சொன்னாளென்றால் அதற்கு மேல் அப்பீல் உண்டா? இப்படிப் பேச அந்தப் பெண்ணுக்கு யார் கற்றுக்கொடுத்தது? வேறு யார், நல்லம்மாளேதான். அவள் ஊருக்கெல்லாம் சொன்னதையே அவளிடம் திருப்பிச் சொன்னாள் தனலெட்சுமி. நல்லம்மாள் குடத்தோடு திரும்பி வந்தாள்.

பதின்மூன்றாம் நாள் மத்தியானம். நல்லம்மாள் மரவள்ளிக் கிழங்கைத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு வாசம் வந்தது. தேங்காயெண்ணெயில் கடுகு வெடித்து, காய்ந்த மிளகாய் கருகி, அதில் கருவாடு விழுந்து பொரிகிற வாசம். அந்த வாசம் மூக்கில் பட்டு ஆறு மாதமாயிருந்தது. முதலில் வாயில் எச்சில் ஊறியது. பிறகுதான் எங்கிருந்து வருகிறது என்று உறைத்தது. அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

தப்பாக இருக்கலாம் என்று லயத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மூக்கை உறிஞ்சிக்கொண்டே நடந்தாள். எங்கும் அடுப்பு எரியவில்லை. திரும்பி வந்தபோது அடுத்த வீட்டுப் பின்படியில், அவள் கட்டிய தழைக்கு அடியில், பாலனின் பெரிய மகள் உட்கார்ந்து விரல்களை ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டிருந்தாள். அவள் தலையை எண்ணெய் தடவி வாரி, இரட்டைப் பின்னல் போட்டிருந்தார்கள்.

அம்மை வீட்டில் தாளிப்பு. அம்மை வீட்டில் சீவிய தலை. உள்ளே அம்மை இருந்தால் தனலெட்சுமிக்கு அந்தத் தைரியம் வருமா? பெற்ற பிள்ளைகள் நடமாடும் வீட்டில் ஆத்தாளைச் சீண்ட எந்தத் தாய் துணிவாள்? அங்கே அம்மை இல்லை. இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் தழைக்குப் பின்னால் பதின்மூன்று நாளாக அடைந்து கிடப்பது என்ன? கிழவர் முதல் நாளே சொல்லிவிட்டார். சிரங்கும் பசியும்.

இதைப் புரிந்துகொண்ட நல்லம்மாள் என்ன செய்தாள்? வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். அதுதான் உண்மை. "ஆத்தாதான், சந்தேகமே வேண்டாம்" என்று சொன்ன வாய் அவளுடையது. இப்போது போய் இல்லை என்றால், இதுவரை சொன்னதெல்லாம் என்ன ஆகும்? நாளைக்கு எவள் அவளைக் கூப்பிடுவாள்? அந்த ஒன்றும் போய்விட்டால் அவள் யார்? சயாமுக்குப் போனவனின் பெண்டாட்டி, அவ்வளவுதான்.

சுவரில் தட்டு கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்றாவது வரும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வரவில்லை.

கன்னையாவை லோரியில் ஏற்றிய நாள் நினைவுக்கு வந்தது. துப்பாக்கியைப் பார்த்ததும் லயமே கதவைச் சாத்திக்கொண்டது. மண்டோர் ஒருவர்தான் தன் பழைய பித்தளை வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டு லோரிக்கு முன்னால் போய் நின்றார். "இவன் என் ஆளு. ரயில் வேலை தெரிஞ்சவன். இங்கே வேணும்" என்று மலாயும் தமிழும் கலந்து கத்தினார். கன்னத்தில் வாங்கிக்கொண்டு வாய்க்காலில் விழுந்தார். கன்னையாவைக் கொண்டுபோய்விட்டார்கள். ஆனாலும் போய் நின்றார். நல்லம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் பைப்படியில் தனலெட்சுமி தனியாக அகப்பட்டாள்.

"தனம், உன் வீட்டுல கருவாடு பொரிச்சியா?"

"ஆமாக்கா. எங்க வீட்டுக்காரருக்குப் பட்டறையில ஒருத்தர் குடுத்தாராம்." குடத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"அம்மை வீட்டுல தாளிச்சிருக்கே."

"அம்மைன்னு நான் சொல்லலையேக்கா. நீங்கதானே சொன்னீங்க."

நல்லம்மாள் குடத்தின் கழுத்தைப் பிடித்து நிறுத்தினாள். "நாங்க வச்ச கூழெல்லாம் யாரு குடிச்சா?"

தனலெட்சுமி இப்போது நிமிர்ந்தாள். அவள் கழுத்தெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டிருந்தன. "எம் புள்ளைங்க முழங்காலைப் பாத்திருக்கீங்களா? சின்னது நடக்க மறந்து போச்சு, தெரியுமா உங்களுக்கு? அவரு வாழ்ந்து முடிச்ச மனுசன். எழுபது வயசுக்கு ஊத்திட்டு ஏழு வயசைச் சாகக் குடுக்கவா? உங்களுக்கென்ன லா, புள்ளையா குட்டியா?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "சத்தம் போட்டீங்கன்னா லோரி வரும். ஊருக்கெல்லாம் தழை கட்டி மறைச்சது யாருன்னு கேப்பான். பேரைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரமாகும்?"

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். மிரட்டலைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அந்தக் குழந்தைகளின் முழங்காலைப் பற்றி அவள் சொன்னது பொய்யில்லையே, அதை என்ன செய்வது? ஆனால் அதற்கு ஒரு கிழவரை இருட்டறையில் போட்டு, ஆத்தாள் பெயரைச் சொல்லிப் பூட்டலாமா? அந்தப் பூட்டைச் செய்து கொடுத்தவள் யார்? நல்லம்மாள் அன்று அடுப்பு மூட்டவில்லை.

விடிந்தது. பட்டறைச் சங்கு ஊதியது. தட்டு கேட்கவில்லை.

அடுப்படியில் சுவரை ஒட்டி உட்கார்ந்தாள். வெயில் ஏறியது. அப்போதும் இல்லை. தட்டு தொடங்கியதிலிருந்து ஒருநாளும் இவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை. நல்லம்மாள் கரண்டியை எடுத்தாள். பலகையில் தானே தட்டினாள். மூன்று. கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் மூன்று. பிறகு காதைப் பலகையில் வைத்தாள்.

வெகுநேரம் கழித்து அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. தட்டு என்று சொல்ல முடியாது. நகம் பலகையில் உரசிய சத்தம்.

அவள் எழுந்தாள். எப்படி எழுந்தாள், எப்படிப் படி இறங்கினாள் என்று பின்னால் அவளுக்கே நினைவில்லை. பைப்படியில் நின்ற பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, அடுத்த வீட்டுப் பின் கதவுக்குப் போய்த் தழைத் தோரணத்தில் கை வைத்தாள். தனலெட்சுமி குழந்தைகளோடு பங்கீட்டு அரிசிக்கு வரிசையில் நிற்கப் போயிருந்தாள். பாலன் அன்று மத்தியான முறை வேலைக்குக் கிளம்பிக் கதவருகே வந்தவன், அப்படியே நின்றான்.

"அக்கா, தழை..."

"நான் கட்டினது. நான்தான் அவுக்கணும். தள்ளு."

பாலன் தள்ளிக்கொண்டான். தடுக்கவும் இல்லை, கூட வரவும் இல்லை.

விறகறைக் கதவு வெளியிலிருந்து கயிறு போட்டுக் கட்டியிருந்தது. கயிற்றைப் பிய்த்துத் திறந்தாள். கிழவர் சுவரைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்தார். கையில் ஒரு பித்தளைச் செம்பு. அதன் விளிம்பு ஒரு பக்கம் நெளிந்து போயிருந்தது. அவர் தலைக்கு நேரே, பலகையில் ஒரே இடத்தில், கட்டைவிரல் பதிகிற அளவுக்குக் குழி. நல்லம்மாள் மண்டியிட்டு அவர் கையைத் தொட்டாள். விரலுக்கு அடியில் எதுவும் உருளவில்லை. பொருக்குத் தட்டிய சிரங்கு, அவ்வளவுதான். ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. அந்த ஒரு நொடியைத்தான் அவள் முதல் நாள் செலவழிக்க மறுத்திருந்தாள்.

"ஐயோ அண்ணே," என்று வாய்விட்டுக் கத்தினாள். அவர் கண்ணைத் திறந்து பார்த்தார்.

தூக்கினாள். ஒரு கட்டு விறகு அளவுகூடக் கனம் இல்லை. வீங்கிய பாதங்கள் மட்டும் கனத்துத் தொங்கின. பின்படியில் இறங்கியதும் பெண்கள் குடங்களைப் போட்டுவிட்டு ஓடினார்கள். "ஐயோ ஆத்தா, தழையை அறுத்துட்டாளே, வெளியே கொண்டாந்துட்டாளே!" என்று ஒரே கூச்சல்.

"ஓடாதீங்க!" என்றாள் நல்லம்மாள். "ஆத்தாவும் இல்ல, அம்மையும் இல்ல. பட்டினி போட்டு அடைச்சு வச்சிருக்காங்க. நான் சொன்னது தப்பு. கிட்டப் போய்த் தொட்டுப் பார்க்காம வாசல்ல நின்னுக்கிட்டே சொன்னேன். யாராச்சும் வந்து பிடிங்க."

யாரும் வரவில்லை. பதினான்கு நாள் நம்பியதை ஒரு நிமிஷத்தில் விட யாருக்கு முடியும்? அப்புறம் மூன்றாம் வீட்டிலிருந்து இராமலிங்கம் வந்தான். அவன் யாரையும் பார்க்கவில்லை. நேரே வந்து கிழவரின் பாதங்களைத் தன் கைகளில் ஏந்திக்கொண்டான். இரண்டு பேருமாக நல்லம்மாளின் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். "எங்கம்மாவை நான் இப்படித் தூக்கலக்கா," என்றான் அவன். "லோரிக்காரங்கதான் தூக்குனாங்க."

தனலெட்சுமி அரிசியோடு வந்தபோது லயமே சந்தில் நின்றது. அறுந்து கிடந்த தழையைப் பார்த்ததும் படியில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தைகள் இரண்டும் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டன. கூழ் கொடுத்தவர்களெல்லாம் கத்தினார்கள். பாவி என்றார்கள், நீ உருப்படுவாயா என்றார்கள், மண் வாரித் தூற்றினார்கள். அவள் ஒரு பெயரையும் சொல்லவில்லை, எந்த லோரியையும் கூப்பிடவில்லை. அரிசிப் பையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். கத்தியவர்கள் ஒவ்வொருவருக்கும் காது இருந்தது, ஒவ்வொருவரும் பைப்படியில் நின்று அந்தத் தட்டைக் கேட்டவர்கள்தான். அது தெரிந்ததால் நல்லம்மாள் மட்டும் கத்தவில்லை.

இரண்டு நாள் கிழவர் யாரோடும் பேசவில்லை. துணியில் நனைத்துத் தண்ணீர் விட்டால் விழுங்கினார். கஞ்சிக் கரண்டியைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொண்டார். நல்லம்மாள் கெஞ்சினாள், அதட்டினாள், "உங்க கோபம் நியாயந்தாண்ணே, வயித்துக்கிட்ட காட்டாதீங்க" என்று அழுதும் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கோபமா, வேறெதுவுமா என்று அவளுக்கு விளங்கவில்லை. இப்படியே இன்னும் ஒருநாள் போனால் ஆள் தங்கமாட்டார் என்பது மட்டும் விளங்கியது.

மூன்றாம் நாள் காலை பாலன் வந்தான். ஒரு துணி முடிச்சில் கொஞ்சம் அரிசி கொண்டுவந்திருந்தான். உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றான்.

"அப்பா."

கிழவர் தலையைத் திருப்பவில்லை. வறண்ட குரலில் கேட்டார். பதினாறு நாளைக்குப் பிறகு நல்லம்மாள் கேட்ட அவருடைய முதல் பேச்சு அதுதான்.

"நான் தட்டினது உனக்குக் கேட்டுச்சாடா?"

பாலன் முடிச்சை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினான். அவன் முகம் கோணியது. "கேட்டுச்சுப்பா," என்றான்.

கிழவரின் கண் மெதுவாக இந்தப் பக்கம் திரும்பியது. "நல்லம்மா, உனக்கு?"

சொல்வதற்கு அவளிடம் எத்தனையோ இருந்தன. ஆத்தா என்று நினைத்தேன் அண்ணே, லோரிக்குப் பயந்தேன் அண்ணே, உங்க மருமகள் என்னை ஏமாற்றிவிட்டாள் அண்ணே. எல்லாமே பாதி உண்மை. நெளிந்து போன அந்தச் செம்பு அவர் தலைமாட்டில் இருந்தது.

"கேட்டுச்சுண்ணே," என்றாள். "ஆள் கூப்பிடுற தட்டுன்னும் தெரிஞ்சுச்சு."

அவர் நெற்றிச் சுருக்கம் ஏதோ கணக்கு நேரானதுபோல் தளர்ந்தது.

"அப்ப நான் சத்தமாத்தான் தட்டியிருக்கேன்," என்றார். "கையில வலு போயிருச்சு, வெளியே கேக்கல, அதான் ஒருத்தரும் வரலைன்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

பிறகு வாயைத் திறந்தார். நல்லம்மாள் கரண்டியை எடுத்தாள். அவசரமாக ஊட்டினாள். பாதிக் கஞ்சி அவர் கழுத்தில் வழிந்தது.